ஜெர்மனியில் வீடு தேடும் வாசகர்களுக்கு: கேள்வி பதில்

வெளிநாட்டில் வாடகை வீடு எடுப்பது பற்றி எழுதுங்கள் என்று வாசகர்கள் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் வேறு, பழக்கம் வேறு, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கலந்து கொடுத்தால் யாருக்கும் உருப்படியாக உதவாது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஜெர்மனி பற்றியவை. படிக்கப் போகிறவர்கள், ஐடி வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையை அனுப்பிவிட்டு இங்கே கவலையோடு இருக்கும் பெற்றோர் எழுதியவை. அதனால் ஜெர்மனியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மியூனிக்கில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது, அக்டோபரில் வகுப்பு. நகர மையத்திலேயே கட்டில், மேசை எல்லாம் போட்ட ஒரு அறை வீடு 480 யூரோ என்று இணையத்தில் பார்த்தேன். உரிமையாளர் வேலை விஷயமாக லண்டனில் இருக்கிறாராம். முதல் மாத வாடகையும் டெபாசிட்டும் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார். நம்பிக்கைக்காகத் தன் பாஸ்போர்ட் நகலையும் அனுப்பியிருக்கிறார். பணம் அனுப்பலாமா?
(மாணவர், திருச்சி)

பதில்: அனுப்பாதீர்கள். ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

ஊரும் தொகையும் மட்டும் மாறி இதே கதை எனக்கு வரும் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. உரிமையாளர் எப்போதும் வேறு நாட்டில் இருப்பார், படங்கள் பளிச்சென்று இருக்கும், வாடகை அந்த ஊர் நிலவரத்தில் பாதிகூட இருக்காது, வீட்டை நேரில் பார்க்க மட்டும் வழியே இருக்காது. சிலர் பிரபலமான தங்குமிடத் தளத்தின் பெயரைச் சொல்லி, பணம் அவர்களிடம்தான் இருக்கும், வீடு பிடிக்காவிட்டால் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு லிங்க் அனுப்புவார்கள். அந்தப் பக்கமே போலியாக இருக்கும். அவர் அனுப்பிய பாஸ்போர்ட் நகல் பெரும்பாலும் இதற்கு முன் ஏமாந்த யாரோ ஒருவருடையது. உங்களுடையதை நீங்கள் அனுப்பினால் அடுத்து ஏமாறப் போகிறவருக்கு அதைத்தான் காட்டுவார்கள். அதனால் பாஸ்போர்ட், விசா, சம்பளச் சீட்டு இவற்றையெல்லாம் வீட்டைப் பார்த்து, ஆளைப் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

மியூனிக் ஜெர்மனியிலேயே வாடகை மிக அதிகமான ஊர். மாணவர் விசாவுக்காக நீங்கள் பிளாக்டு அக்கவுண்ட்டில் போடும் 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதற்குள். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது 480 யூரோ விளம்பரம் கண்ணை இழுக்கும். அது தெரிந்துதான் அந்த விலையைப் போடுகிறார்கள்.

சரி, வேறு என்ன செய்வது? ஒவ்வொரு பல்கலைக்கழக ஊரிலும் ஸ்டூடியரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு விடுதிகள் நடத்துகிறது. வாடகை வெளியே இருப்பதைவிடக் குறைவு, அதனால் காத்திருப்போர் பட்டியலும் நீளம். மியூனிக்கில் ஒரு செமஸ்டருக்கு மேல்கூட ஆகும். அட்மிஷன் கடிதம் வந்த அன்றைக்கே விண்ணப்பியுங்கள், விசா வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதே நேரத்தில் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கும் எழுதுங்கள்.

அடுத்த வழி, ஆளுக்கொரு அறையாக மூன்று நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வீடு. அங்கே அதை வேகே என்பார்கள். அந்த வீட்டில் இருப்பவர்களே வீடியோ அழைப்பில் உங்களோடு பேசி உங்களைத் தேர்வு செய்வார்கள். அப்படிப் பேசும்போது அறை, சமையலறை, வாசல் அழைப்புமணியில் இருக்கும் பெயர் வரை காட்டச் சொல்லிக் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு செமஸ்டர் போகும் மாணவர்கள் தங்கள் அறையை நான்கைந்து மாதத்துக்கு விட்டுப் போவதும் உண்டு. முதல் செமஸ்டருக்கு அது நல்ல ஏற்பாடு. ஊருக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே இருந்துகொண்டு நிரந்தரமான இடம் தேடலாம்.

கேள்வி: பெர்லினில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். ஒரு ஸ்டூடியோ வீடு, வாடகை மற்றவற்றைவிட 200 யூரோ குறைவு. ஆனால் அந்த முகவரியில் பதிவு செய்ய முடியாது என்கிறார் ஓனர். இது பெரிய பிரச்சினையா?
(பொறியாளர், கோயம்புத்தூரிலிருந்து பெர்லின்)

பதில்: மிகப் பெரிய பிரச்சினை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஜெர்மனியில் குடியேறி 2 வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அன்மெல்டுங் என்பது அதுதான். 2015 நவம்பரிலிருந்து, இந்த வீட்டில் இவர் குடியேறினார் என்று வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட ஒரு படிவமும் வேண்டும். அதைக் கொடுப்பது ஓனரின் சட்டக் கடமை, உங்களுக்குச் செய்யும் தயவு அல்ல. கொடுக்க மறுத்தால் அபராதம் அவருக்கு. வாடகை ஒப்பந்தம் மட்டும் கொண்டுபோனால் அலுவலகத்தில் போதாது என்பார்கள்.

இந்தப் பதிவிலிருந்துதான் மற்ற எல்லாம் தொடங்குகிறது. பதிவு செய்த பிறகுதான் வருமான வரி எண் தபாலில் வரும். அந்த எண் இல்லாவிட்டால் கம்பெனி உங்கள் சம்பளத்தில் மிக உயர்ந்த வகுப்பில் வரி பிடிக்க நேரிடலாம். பிறகு திரும்பக் கிடைக்கும் என்றாலும் முதல் மாதங்களில் கையில் வரும் பணம் குறையும். பல வங்கிகள் பதிவுச் சான்றிதழ் கேட்கும். விசாவோடு வந்த நீங்கள் குடியிருப்பு அனுமதி அட்டை வாங்க எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதையே பதிவான முகவரிதான் முடிவு செய்கிறது. மனைவியையோ கணவரையோ பிறகு அழைத்து வரவும் பெரும்பாலும் இந்தப் பதிவைக் கேட்பார்கள்.

பதிவு கிடையாது என்று ஒருவர் சொல்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அவரே வாடகைக்கு இருந்துகொண்டு உண்மையான ஓனருக்குத் தெரியாமல் உங்களுக்கு விடுகிறார் என்பது அடிக்கடி நடப்பது. அப்படியானால் எந்த நாளும் நீங்கள் வெளியேற வேண்டி வரலாம். அந்த 200 யூரோவுக்காக இதில் இறங்காதீர்கள். இன்னொன்று, தங்காத வீட்டின் முகவரியைக் காசுக்கு விற்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அதில் பதிவு செய்வது சட்ட விரோதம், பெரும் அபராதம் வரும்.

பெர்லினில் பதிவுக்கு நேரம் கிடைப்பது கஷ்டம் என்பதும் உண்மை. வீடு உறுதியானவுடனே ஆன்லைனில் நேரம் தேடத் தொடங்குங்கள், நகரின் எந்தப் பகுதி அலுவலகத்திலும் பதிவு செய்யலாம், காலையில் சீக்கிரம் பார்த்தால் ரத்தான இடங்கள் தென்படும். 2 வாரத்துக்குள் நேரம் கிடைக்காவிட்டால், முயன்றதற்கான மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தபால் பெட்டியிலும் அழைப்புமணியிலும் உங்கள் பெயரை ஒட்ட மறக்காதீர்கள். அங்கே பலமாடி வீடுகளுக்குக் கதவு எண் பெரும்பாலும் கிடையாது, தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லாவிட்டால் வரி எண் வந்த கடிதம் திரும்பிப் போய்விடும்.

கேள்வி: ஸ்டுட்கார்ட்டில் ஒரு விளம்பரத்தில் கால்ட் 900, வார்ம் 1,150 என்று போட்டிருக்கிறது. மாதம் மொத்தம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?
(வாசகி, சென்னை)

பதில்: கால்ட் என்பது வெறும் வீட்டு வாடகை. அதோடு சூடாக்கும் செலவு, தண்ணீர், குப்பை, படிக்கட்டு சுத்தம், கட்டட வரி போன்றவற்றுக்கான மாத முன்பணத்தைச் சேர்த்தது வார்ம். நீங்கள் மாதாமாதம் ஓனருக்குக் கட்டுவது 1,150. வீட்டுக்கு வீடு ஒப்பிடும்போதும் வார்ம் தொகையையே ஒப்பிடுங்கள்.

ஆனால் செலவு அதோடு முடியாது. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் தனி, ஒப்பந்தம் உங்கள் பெயரில். நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் அந்த ஊரின் அடிப்படை மின் நிறுவனம் தானாகவே சப்ளை கொடுக்கும், அதன் விலை வழக்கமாக அதிகம். 2 வார நோட்டீஸில் வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாம். குளியலறையில் சுவரில் மாட்டிய மின்சார வாட்டர் ஹீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வெந்நீர்ச் செலவு உங்கள் மின்கட்டணத்தில் ஏறும். டிவி, வானொலிக்கான பொதுக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, வீட்டில் டிவியே இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். பதிவு செய்த சில வாரத்தில் கடிதம் தானாக வரும். அதை ஏமாற்று என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

முக்கியமானது கால்டுக்கும் வார்முக்கும் இடையில் இருக்கும் அந்த 250 யூரோ. அது முன்பணம்தான், இறுதித் தொகை அல்ல. ஆண்டு முடிந்து கணக்குப் பார்த்து, நீங்கள் அதிகம் செலவு செய்திருந்தால் மிச்சத்தைக் கேட்பார்கள், குறைவாகச் செய்திருந்தால் திருப்பித் தருவார்கள். கணக்கு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் ஓனர் கணக்கு அனுப்ப வேண்டும். தன் தவறால் தாமதமாக அனுப்பினால் கூடுதல் பணம் கேட்க முடியாது. கணக்கில் சந்தேகம் இருந்தால் ரசீதுகளைக் காட்டச் சொல்லிக் கேட்கவும், 12 மாதத்துக்குள் ஆட்சேபணை சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. வார்ம் தொகையைக் குறைத்துக் காட்டுவதற்காகவே முன்பணத்தைக் குறைவாகப் போடும் ஓனர்கள் இருக்கிறார்கள், முந்தைய ஆண்டுக் கணக்கை வீடு பார்க்கும்போதே கேளுங்கள்.

சமையலறை பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்கள் அதிர்ச்சி அடையும் இடம் அதுதான். ஜெர்மனியில் நிறைய வீடுகள் சமையலறை இல்லாமல்தான் வாடகைக்கு வரும். அறை இருக்கும், உள்ளே அடுப்பு, சிங்க், அலமாரி எதுவும் இருக்காது, குழாய் இணைப்பு மட்டும் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும். விளக்குகள்கூடக் கழற்றப்பட்டிருக்கும். முன்பு இருந்தவர் தன் சமையலறையை உங்களிடம் விற்கப் பார்ப்பார். பொருளைப் பார்த்து, அதன் வயதைக் கேட்டு, பேரம் பேசுங்கள். இன்றைய மதிப்புக்குச் சம்பந்தமே இல்லாத தொகையைச் சட்டம் ஏற்பதில்லை. விளம்பரத்தில் ஐன்பாவ்க்யூஷே என்று இருந்தால் சமையலறை வீட்டோடு சேர்ந்தது. அறைக் கணக்கிலும் கவனம்: இரண்டு அறை வீடு என்றால் ஒரு படுக்கையறை, ஒரு ஹால். சமையலறையும் குளியலறையும் எண்ணிக்கையில் வராது.

கேள்வி: ஃபிராங்க்ஃபர்ட்டில் எத்தனையோ வீடுகளுக்கு எழுதிவிட்டேன், பதிலே வருவதில்லை. வெளிநாட்டுப் பெயரைப் பார்த்து ஒதுக்குகிறார்களோ என்று தோன்றுகிறது.
(வாசகர், சேலத்திலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்)

பதில்: மனம் நோகும் விஷயம்தான், பெயரைப் பார்த்து ஒதுக்குவது நடக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். இனம், பிறப்பிடம் காரணமாக வீடு மறுப்பது 2006-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி தவறு. ஆதாரம் இருந்தால் மத்திய அரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். உரிமை கோர வேண்டியது பொதுவாக 2 மாதத்துக்குள் என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

அதே நேரத்தில், பெரிய ஊர்களில் ஒரு வீட்டுக்குச் சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கில் மின்னஞ்சல் குவிவதால், ஜெர்மானியர்களுக்கும் பதில் வருவதில்லை. முதலில் வந்த, முழுமையாக இருக்கிற, ஜெர்மன் மொழியில் எழுதிய கடிதம்தான் படிக்கப்படும். நாலு வரி போதும்: யார், எந்த வேலை, எத்தனை பேர், எப்போது குடியேற முடியும், புகைப்பது உண்டா, செல்லப்பிராணி உண்டா. வீடு பார்க்கும் நாளில் வேலை ஒப்பந்தம், கடைசி 3 மாதச் சம்பளச் சீட்டு, ஷூஃபா என்ற கடன் நம்பகத்தன்மைச் சான்று, முந்தைய ஓனர் பாக்கி இல்லை என்று எழுதிக்கொடுத்த தாள், எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக வைத்திருங்கள். புதிதாக வந்தவருக்கு ஷூஃபாவில் வரலாறே இருக்காது, அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, வேலை ஒப்பந்தத்தை முன்னால் வையுங்கள், முடிந்தால் கம்பெனி மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள். கம்பெனி பெயரில் கேட்டாலே பல கதவுகள் திறக்கின்றன. உங்களை வேலைக்கு அழைத்தவர்கள் அவர்கள்தானே, கூச்சப்படாமல் கேளுங்கள்.

மதம், அரசியல், குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் பற்றி ஓனர் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வருமானம் பற்றிக் கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: தரகர் இரண்டு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்கிறார், கொடுக்க வேண்டுமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: 2015 ஜூனிலிருந்து, தரகரை யார் அமர்த்தினாரோ அவர்தான் கமிஷன் கொடுக்க வேண்டும். ஓனர் ஏற்பாடு செய்த தரகர் என்றால் உங்களிடம் வாங்கக் கூடாது. வீட்டைக் காட்டுவதற்கென்று அவர் தனியாகக் காசு கேட்பதும் கூடாது.

கேள்வி: சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவன் நான். இங்கே மூன்று மாதம் என்கிறார்கள், அதையும் ரொக்கமாகக் கேட்கிறார் ஓனர். கொடுக்கலாமா, திரும்பி வருமா?
(வாசகர், ஹாம்பர்க்)

பதில்: உச்சவரம்பே 3 மாதக் கால்ட் வாடகைதான். வார்ம் தொகையில் கணக்குப் போட்டுக் கேட்டால் தவறு. நீங்கள் அதை 3 சம தவணைகளில் கட்டலாம், முதல் தவணை குடியேறும்போது. இது சட்டத்தில் இருக்கிற உரிமை. ஓனர் அந்தப் பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் வட்டி வரும் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், வட்டியும் உங்களுடையது. அவர் திவாலானாலும் உங்கள் பணம் போய்விடக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக அனுப்புங்கள், காரணம் எழுதும் இடத்தில் வீட்டு முகவரியையும் டெபாசிட் என்பதையும் எழுதுங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் போக வேண்டும்.

திரும்பி வருமா என்பது குடியேறும் நாளிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. அன்று ஓனரோடு வீட்டைச் சுற்றிப் பார்த்து ஒரு ஒப்படைப்புக் குறிப்பு எழுதுவார்கள். அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். தரையில் இருக்கும் கீறல், குளியலறை மூலையில் இருக்கும் கறை, ஜன்னல் சரியாக மூடுகிறதா, எத்தனை சாவி, மின்சாரம், வெந்நீர், ஹீட்டர் மீட்டர் அளவுகள், எல்லாம் அதில் ஏற வேண்டும். படமும் எடுத்து அன்றைக்கே ஓனருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். குறிப்பில் இல்லாத கீறலை வீடு காலி செய்யும்போது முன்பே இருந்தது என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

கேள்வி: ஒப்பந்தம் இருபது பக்கம், எல்லாம் ஜெர்மனில். எதைப் பார்க்க வேண்டும்?
(வாசகி, நியூரம்பெர்க்)

பதில்: மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு முழுவதையும் படியுங்கள், பிறகு மூன்று இடங்களில் நின்று படியுங்கள்.

முதலாவது, வாடகை எப்படி ஏறும் என்பது. ஆண்டுதோறும் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிய படிக்கட்டு வாடகை ஒன்று, விலைவாசிக் குறியீட்டோடு ஏறும் வாடகை இன்னொன்று. இரண்டும் இல்லாத சாதாரண ஒப்பந்தத்தில், அந்தப் பகுதியின் ஒப்பீட்டு வாடகை, அதாவது அதே மாதிரி வீடுகளுக்கு அங்கே வழக்கமாக வாங்கும் வாடகை வரைக்கும்தான் ஏற்றலாம், அதுவும் 3 ஆண்டில் 20 சதவீதத்துக்கு மேல் கூடாது, வீட்டுத் தட்டுப்பாடு உள்ளதாக அரசு அறிவித்த ஊர்களில் 15 சதவீதம். பெர்லின், மியூனிக் போன்ற அத்தகைய ஊர்களில் புதிதாகக் குடியேறும்போதே வாடகை ஒப்பீட்டு அளவைவிட 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. 2014 அக்டோபருக்குப் பிறகு முதன்முதலாக வாடகைக்கு வந்த புதிய கட்டடங்களுக்கும், குறுகிய காலத்துக்கு விடும் வீடுகளுக்கும் அது பொருந்தாது. சாமான்களோடு தற்காலிகமாக விடும் வீடுகள் அவ்வளவு விலை சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வந்த புதிதில் இரண்டு மூன்று மாதத்துக்கு அப்படி ஒன்றில் இருக்கலாம், அதையே நிரந்தரமாக்கிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, எப்போது காலி செய்யலாம் என்பது. வழக்கமான ஒப்பந்தத்தில் குடித்தனக்காரர் 3 மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும், காரணம் சொல்ல வேண்டாம். ஆனால் இவ்வளவு காலத்துக்கு இரண்டு பேரும் ரத்து செய்ய மாட்டோம் என்று ஒரு பிரிவு சேர்ப்பார்கள், அது 4 ஆண்டு வரை செல்லும். புது வேலை, சோதனைக் காலம் முடியவில்லை, எந்த ஊருக்கு மாற்றம் வரும் என்று தெரியவில்லை என்ற நிலையில் இருப்பவர்கள் அந்தப் பிரிவில் கையெழுத்துப் போடவே கூடாது, எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், ஒரு வருடமாகவாவது குறைக்கச் சொல்லுங்கள்.

நோட்டீஸ் தாளில் கையெழுத்துப் போட்டு, மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் ஓனர் கையில் சேர வேண்டும். அக்டோபர் மூன்றாம் வேலை நாளுக்குள் சேர்ந்தால் டிசம்பர் 31-இல் முடியும், ஒரு நாள் தவறினால் இன்னொரு மாத வாடகை. மின்னஞ்சல், வாட்ஸ்அப் செல்லாது. இதில் பணம் இழந்த நம்மவர்கள் நிறைய பேர். கணவன் மனைவி இருவர் பெயரிலும் ஒப்பந்தம் இருந்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்றாவது, வீட்டு ஒழுங்கு விதிகள். இரவு 10 முதல் காலை 6 வரையும் ஞாயிறு முழுவதும் அமைதி, படிக்கட்டு கூட்டும் முறை, குப்பை பிரிக்கும் முறை எல்லாம் அதில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடாதீர்கள், போலீஸுக்கே ஃபோன் போகும். சின்னக் குழந்தை அழுவதை மட்டும் யாரும் தடை செய்ய முடியாது, அதற்காகப் பயந்து வாழாதீர்கள்.

கேள்வி: நான் எடுத்த ஒரு அறை வீட்டில் நண்பர்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டால் வாடகை குறையுமே?
(மாணவர், ஆகன்)

பதில்: ஓனருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் வந்து சேர்வதற்குத் தகவல் சொன்னால் போதும், நண்பருக்கு விடுவதற்கு முன் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் காரணமாகிவிடும். அந்த நண்பர்கள் எங்கே பதிவு செய்வார்கள் என்றும் யோசியுங்கள். பெரிய வீடாகப் பார்த்து, ஓனரிடம் சொல்லி, எல்லோர் பெயரையும் ஒப்பந்தத்தில் போட்டுக்கொண்டு இருங்கள். ஆனால் அப்படிப் போட்டால், ஒருவர் வாடகை கொடுக்காமல் போனாலும் மீதியை மற்றவர்களிடம் கேட்பார்கள், அதனால் ஆள் பார்த்துச் சேருங்கள்.

கேள்வி: சுவரில் பூஞ்சை வந்துவிட்டது. நாங்கள் சமைக்கும் விதம்தான் காரணம் என்று ஓனர் சண்டை போடுகிறார்.
(இல்லத்தரசி, டுசல்டார்ஃப்)

பதில்: நீங்கள் என்ன சமைக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. ஆனால் ஈரம் பற்றிச் சொல்வதில் உண்மை இருக்கலாம், கோபப்படாமல் பாருங்கள்.

அங்கே வீடுகள் குளிருக்காகக் காற்றுப் புகாமல் அடைத்துக் கட்டப்பட்டவை. இட்லிப் பானை, குக்கர், கொதிக்கும் ரசம், உள்ளேயே காயப்போட்ட துணி, குளியல், இவற்றின் ஆவி எல்லாம் வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த வெளிச்சுவரில் போய்ப் படியும். அலமாரிக்குப் பின்னால், ஜன்னல் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் வருவது அதனால்தான். அடுப்புக்கு மேல் இருக்கும் புகைபோக்கியை நம்பாதீர்கள், பல வீடுகளில் அது கரி வடிகட்டி வழியாகக் காற்றைத் திரும்ப உள்ளேயே விடும் வகை, ஆவியை வெளியேற்றாது. சமையலறைக் கதவை மூடிவிட்டுச் சமையுங்கள், முடிந்ததும் ஜன்னலை முழுவதும் திறந்து ஐந்து பத்து நிமிடம் வைத்து மூடிவிடுங்கள். ஒரு நாளில் மூன்று முறையாவது. ஜன்னலைச் சாய்த்து நாள் முழுக்க விட்டுவைப்பது தவறு, சுவர் குளிர்ந்து பூஞ்சை அதிகமாகும். ஹீட்டரை முழுக்க அணைத்துவிட்டுப் பணம் மிச்சம் பிடிப்பதும் அப்படித்தான். கடையில் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி கிடைக்கும், 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அலமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். சாம்பிராணி போடும்போதும் ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள், படுக்கையறைகளிலும் நடைவழியிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்கும், அலறிவிடும்.

இவ்வளவும் செய்தும் பூஞ்சை வந்தால் கட்டடத்தில் குறை இருக்கலாம். பார்த்தவுடன் படத்தோடு எழுத்தில் ஓனருக்குத் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் பழி உங்கள் மேல் வரும். வீட்டுக் குறைக்காக வாடகையைக் குறைக்கச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் நீங்களாகக் கணக்குப் போட்டுப் பிடித்தம் செய்யாதீர்கள். அதிகமாகப் பிடித்துவிட்டால் வாடகை பாக்கி என்று வெளியேற்றவே முயலலாம். உங்கள் ஊர் மீட்டர்ஃபெராயினில், அதாவது குடித்தனக்காரர் சங்கத்தில் சேர்ந்து அவர்களிடம் கடிதத்தைக் காட்டிவிட்டுச் செய்யுங்கள். ஆண்டுச் சந்தா ஒரு மாத வாடகையில் சிறு பகுதிதான் வரும், அங்கே வழக்கறிஞர்களே ஆலோசனை சொல்வார்கள். நீதிமன்றச் செலவுக்கான காப்பீடு மட்டும் பெரும்பாலும் சேர்ந்து 3 மாதம் கழித்துத்தான் தொடங்கும் என்பதால், சண்டை வருவதற்கு முன்பே சேர்ந்துவிடுவது நல்லது.

கேள்வி: சாவி தொலைந்தால் மொத்தக் கட்டடத்துக்கும் பூட்டு மாற்றப் பணம் கேட்பார்களாமே?
(வாசகர், லைப்சிக்)

பதில்: ஒரே சாவி பொது வாசலையும் உங்கள் வீட்டையும் திறக்கும் ஒரே சாவித் தொகுதி உள்ள கட்டடம் என்றால், உண்மையிலேயே பூட்டுகளை மாற்றினால் கேட்கலாம். பிறருக்கு நீங்கள் ஏற்படுத்தும் சேதத்துக்குப் பணம் தரும் தனிநபர் பொறுப்புக் காப்பீடு எடுங்கள், எடுக்கும்போது வாடகை வீட்டுச் சாவி அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் ஊருக்கே திரும்புகிறோம். வீடு முழுக்கப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தால்தான் டெபாசிட் என்கிறார் ஓனர்.
(வாசகி, மன்ஹைம்)

பதில்: ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். இத்தனை ஆண்டுக்கு ஒரு முறை அடித்தே தீர வேண்டும் என்று நிலைமையைப் பார்க்காமல் கறாராக எழுதிய பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. நீங்கள் குடியேறும்போதே பெயிண்ட் அடிக்காத வீடாக இருந்து, அதற்கு ஈடாக எதுவும் தரவில்லை என்றால் அந்தப் பொறுப்பை உங்கள் மேல் சுமத்த முடியாது என்று 2015-இல் தீர்ப்பு வந்தது. குடியேறிய நாளில் எழுதிய ஒப்படைப்புக் குறிப்பு இப்போது கைகொடுக்கும். நீங்களாக அடர்த்தியான நிறம் அடித்திருந்தால் மட்டும் வெளிர் நிறத்துக்கு மாற்றிக் கொடுங்கள். ஆணித் துளைகளை அடைப்பது நல்லது. சாதாரணமாகப் புழங்கியதால் வந்த தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை.

காலி செய்யும் நாளிலும் குறிப்பு எழுதி, மீட்டர் அளவுகளைப் படம் எடுத்து, எல்லாச் சாவிகளையும் ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். டெபாசிட் உடனே வராது, கணக்குப் பார்க்க சில மாதங்கள், சில இடங்களில் ஆறு மாதம் வரை எடுத்துக்கொள்வார்கள். வராத ஆண்டுக் கணக்குக்காக ஒரு பகுதியை மட்டும் பிடித்து வைக்கலாம், முழுவதையும் அல்ல. வீட்டுக்குச் சேதம் என்று பணம் கேட்பதானால் வீட்டைத் திரும்பப் பெற்ற 6 மாதத்துக்குள் கேட்டாக வேண்டும்.

நீங்கள் நாட்டைவிட்டே போவதால் இரண்டு வேலைகள் கூடுதலாக இருக்கின்றன. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே நகராட்சியில் முகவரிப் பதிவை நீக்கிச் சான்றிதழ் வாங்கலாம், டிவி கட்டணத்தையும் சில ஒப்பந்தங்களையும் முடிக்க அது வேண்டும். ஜெர்மன் வங்கிக் கணக்கை டெபாசிட் வந்து சேரும் வரை மூடாதீர்கள். உங்கள் இந்திய முகவரியையும் அந்தக் கணக்கு எண்ணையும் ஓனருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.